ஜடேஜாவைக் கொடுத்து சாம்சனை வாங்கிய சென்னை: வெல்வதற்கு ஓட்டங்கள் போதுமா?

கடந்த நவம்பர் 15ஆம் திகதி சென்னை சுப்பர் கிங்ஸ் அணி, ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் றோயல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. அன்று தொடக்கம் திருகோணமலையில் நான் போகும் இடங்களில் எல்லாம் ஒரே கேள்விதான். திருக்கடலூர் கரையிலும் கேட்கிறார்கள், உட்துறைமுக வீதித் தேநீர்க் கடையிலும் கேட்கிறார்கள்: "ஜடேஜாவைக் குடுத்திட்டு இனி ஆர் அண்ணை அடிக்கிறது?"

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் பதில் அவ்வளவு சுலபம் அல்ல. ஒரு பெயரைக் கொடுத்து இன்னொரு பெயரை வாங்கியதில் யார் பெரியவர் என்று பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். ஓர் அணி இழந்த ஓட்டங்கள் எத்தனை, அவை எத்தனை பந்துகளில் வந்தவை, அந்தப் பந்துகளை இனி யார் ஆடப்போகிறார்கள், இந்த மாற்றத்தால் பந்துவீச்சில் என்ன குறைகிறது என்று நான்கு கணக்குகள் பார்க்க வேண்டும். மார்ச் மாத இறுதியில் தொடர் ஆரம்பிப்பதற்கு முன், அந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்களுக்கு ஏன் இந்த அணி?

முதலில், இது ஏன் எங்கள் ஊரின் கேள்வியானது என்பதைச் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டு திருகோணமலை மாவட்டத்தில் மீண்டும் சண்டை வெடித்தபோது, இங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மன்னார் போய் அங்கிருந்து படகேறி இராமேஸ்வரம் கரையில் இறங்கினார்கள். மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும் வருடக்கணக்கில் இருந்தார்கள். 2008இல் ஐ.பி.எல். ஆரம்பித்தது. முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மஞ்சள் சட்டை அணியே சொந்த அணி ஆனது. பிறகு ஊர் திரும்பியவர்கள் அந்தப் பிரியத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

அந்தப் பிரியம் எப்போதும் இலகுவாக இருந்ததில்லை. 2009ஆம் ஆண்டின் தொடர் தென்னாபிரிக்காவில் ஏப்ரல் 18 முதல் மே 24 வரை நடந்தது. அந்த நாட்களில் வன்னியில் எங்கள் உறவுகள் எங்கே, எப்படி இருந்தார்கள் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே தொடரில் சென்னைக்காகப் பந்து வீசிக்கொண்டிருந்தவர் முத்தையா முரளிதரன். 2013இல் அன்றைய தமிழ்நாடு முதலமைச்சர் ஜெயலலிதா எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் நடக்கும் ஐ.பி.எல். போட்டிகளில் விளையாடக்கூடாது என்று முடிவெடுக்கப்பட்டது. அந்த வருடம் சென்னை அணியிலேயே இருந்த நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் தங்கள் சொந்த மைதானத்தில் இறங்க முடியவில்லை. பிறகு காலம் மாறியது. 2023 முதல் மஹீஷ் தீக்‌ஷனவும் மதீஷ பத்திரணவும் சேப்பாக்கத்தில் கைதட்டல் வாங்கினார்கள்.

இந்த வருடம் பத்திரணவும் இல்லை. சென்னை அவரை விடுவித்தது. டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் நடந்த ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அவரை 18 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. ஏலம் முடிந்த கையோடு பார்த்தால், 2022க்குப் பிறகு முதற்தடவையாக சென்னை அணியில் இலங்கை வீரர் ஒருவரும் இல்லை. அந்த ஏலம் நடந்தபோது டிட்வா புயலின் வெள்ளம் வடிந்து அதிக நாட்கள் ஆகவில்லை. மூதூர், வெருகல் பக்கத்தில் சனங்கள் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலும் கைபேசியில் ஏல விபரம் பார்த்துக் கதைத்தார்கள் என்றால், அதைக் குறையாகச் சொல்ல நான் வரமாட்டேன். மனுசனுக்குக் கவலை மறக்கவும் ஏதாவது வேண்டும்.

பரிமாற்றம் என்றால் என்ன?

வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே பல படகுகள் கரையில்தான் கிடக்கும். அந்த நேரத்தில் வலை திருத்துவார்கள், இஞ்சின் பார்ப்பார்கள், அடுத்த பருவத்துக்கு யார் யார் ஒரே படகில் போவது என்று பேசி முடிப்பார்கள். விளையாட்டு அணிகளுக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஒரு தொடர் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையான அந்த இடைவெளியில் வீரர்களைக் கைமாற்றலாம்.

ஐ.பி.எல். விதிப்படி இரண்டு அணிகள் சம்மதித்தால் மட்டும் போதாது, வீரரும் சம்மதிக்க வேண்டும். ஜடேஜா, கரன், சாம்சன் மூவரும் உடன்பட்ட பிறகே இந்தப் பரிமாற்றம் நடந்தது. சென்னையில் 18 கோடி பெற்ற ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாகக் குறைந்தது. சாம்சன் தன் 18 கோடியோடும், கரன் தன் 2.4 கோடியோடும் போனார்கள். இதே ஜடேஜா 2008இல் ராஜஸ்தான் அணியில்தான் தன் ஐ.பி.எல். பயணத்தைத் தொடங்கி அந்த வருடமே கிண்ணத்தையும் தூக்கினார். பின்னர் விதியை மீறி வேறோர் அணியோடு நேரடியாகப் பேசினார் என்று 2010 தொடர் முழுவதும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. இப்போது முறைப்படி, தன் சம்மதத்தோடு, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறார்.

இந்தச் சம்மதம் சின்ன விடயம் அல்ல. அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்தில். அங்கே நீண்டகாலம் வீரரை ஒரு வார்த்தை கேட்காமலே மாற்றினார்கள். 1969இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கேர்ட் பிளட் என்ற வீரரை பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார், வழக்குப் போட்டார், 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோற்றார். ஆனால் அவர் தொடக்கிய கேள்வி நிற்கவில்லை. 1975இன் கடைசியில் வந்த ஒரு தீர்ப்போடு, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் தாங்கள் விரும்பிய அணிக்குப் போகும் உரிமையைப் பெற்றார்கள். கேட்காமல் இடம் மாற்றப்படுவது என்றால் என்ன என்று எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஜடேஜாவை "வித்துப்போட்டாங்கள்" என்று கோபப்படுபவர்கள், அவர் கேட்கப்பட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது கணக்கு: போனது எவ்வளவு?

2025இல் சென்னை 14 போட்டிகளில் நான்கில் மட்டுமே வென்று பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் நின்றது. ஐந்து முறை கிண்ணம் வென்ற அணி கடைசி இடத்துக்குப் போனது அதுவே முதற்தடவை. சொந்த மைதானமான சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு போட்டிகளில் ஐந்து தோல்வி. அவற்றில் ஒன்றில், ஏப்ரல் 11ஆம் திகதி கொல்கத்தாவுக்கு எதிராக, 20 ஓவர்களில் 103 ஓட்டங்களே எடுத்தார்கள்.

அந்தத் தொடரில் சென்னைக்காக ஆடி இப்போது அணியில் இல்லாதவர்களில் முக்கியமானவர்களின் ஓட்டங்களைப் பாருங்கள். ஜடேஜா 301. ரச்சின் ரவீந்திர 191. டெவோன் கொன்வே 156. விஜய் சங்கர் 118. சாம் கரன் 114. ஐவரும் சேர்ந்து 880 ஓட்டங்கள். "இவ்வளவு ஓட்டம் போயிட்டுதே" என்று இதைப் பார்த்தவுடன் தலையில் கை வைக்கத் தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஓர் அணிக்கு ஒரு போட்டியில் கிடைப்பது 120 பந்துகள். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. ஆகவே ஒருவர் எடுத்த ஓட்டத்தைத் தனியாகப் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். அதற்கு அவர் செலவழித்த பந்துகளையும் பார்க்க வேண்டும். 100 பந்துகளுக்கு எத்தனை ஓட்டம் என்று சொல்வதே ஓட்டவேகம். இந்த ஐவரும் சேர்ந்து எடுத்த 880 ஓட்டங்களுக்கு ஏறத்தாழ 665 பந்துகள் செலவாகின. ஓட்டவேகம் 132க்கு அருகில். 20 ஓவருக்கு 200 ஓட்டங்கள் சாதாரணமாகிவிட்ட இன்றைய ஐ.பி.எல்.இல் இது மெதுவான வேகம். 200 எடுக்க வேண்டும் என்றால் அணி முழுவதுமாக 167 என்ற வேகத்தில் ஓட வேண்டும்.

ஆக, போனது 880 ஓட்டங்கள் என்று சொல்வதோடு, 665 பந்துகள் கைக்குத் திரும்பி வந்திருக்கின்றன என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பந்துகளைப் புதியவர்கள் 150 என்ற வேகத்தில் ஆடினாலே கிட்டத்தட்ட 1000 ஓட்டங்கள் வரும். 14 போட்டிகளுக்குப் பிரித்தால் ஒரு போட்டிக்கு எட்டு ஓட்டங்கள் கூடுதல்.

எட்டு ஓட்டம் என்ன பெரிய விடயம் என்று கேட்கலாம். 2025 மார்ச் 30இல் ராஜஸ்தானிடம் சென்னை தோற்றது ஆறு ஓட்டங்களால். மே 3இல் பெங்களூருவிடம் தோற்றது இரண்டு ஓட்டங்களால். அந்த எட்டு ஓட்டங்கள் இருந்திருந்தால் இரண்டு போட்டிகளும் கைமாறியிருக்கும். ஆனால் நான்கு வெற்றி ஆறாகியிருக்கும், அவ்வளவுதான். 2025இல் நான்காவது இடத்தைப் பிடித்த மும்பைக்கு எட்டு வெற்றிகள் தேவைப்பட்டன. அதனால் வேகமாக ஆடுபவர்களைச் சேர்த்தது சரியான வேலை, ஆனால் அது மட்டும் போதாது என்று இந்தக் கணக்கே சொல்கிறது.

இரண்டாவது கணக்கு: வந்தது யார்?

சாம்சனோடு தொடங்குவோம். ஐ.பி.எல்.இல் 4,700 ஓட்டங்களுக்கு மேல் குவித்தவர், மூன்று சதம் அடித்தவர். 2024இல் 531 ஓட்டங்கள், ஓட்டவேகம் 153. 2025இல் காயத்தால் ஒன்பது போட்டிகள்தான் ஆடினார். 285 ஓட்டங்கள், வேகம் 140. ஆரம்பத் துடுப்பாட்ட வீரர், விக்கெட் காப்பாளரும்கூட. 44 வயது தோனிக்குப் பிறகு விக்கெட்டுக்குப் பின்னால் யார் என்ற, பல வருடங்களாகத் தள்ளிப்போட்ட கேள்விக்கும் அவர் பதில்.

ஆனால் சென்னையின் துடுப்பாட்டம் மாறியதற்கு சாம்சன் மட்டும் காரணம் அல்ல. மாற்றம் கடந்த தொடரின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. அணித்தலைவர் ருத்துராஜ் கெய்க்வாட் ஐந்து போட்டிகளோடு காயப்பட்டு விலக, அவருக்குப் பதிலாக வந்த ஆயுஷ் மாத்ரே என்ற 17 வயதுப் பையன் ஏழு போட்டிகளில் 240 ஓட்டங்கள் எடுத்தான். ஓட்டவேகம் கிட்டத்தட்ட 190. இன்னொரு மாற்று வீரராக வந்த தென்னாபிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ் ஆறு போட்டிகளில் 225 ஓட்டங்கள், வேகம் 180. கடைசிப் போட்டியில் குஜராத்துக்கு எதிராக அகமதாபாத்தில் 230 ஓட்டங்கள் குவித்து 83 ஓட்டங்களால் வென்றது இந்தப் புதிய சென்னைதான். தொடர் கைவிட்டுப் போன பிறகு வந்த வெற்றி என்பதால் பலர் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது வரிசையைப் போட்டுப் பாருங்கள். மாத்ரே, சாம்சன், கெய்க்வாட், பிரெவிஸ், சிவம் துபே. கடந்த வருடம் அணியில் அதிக ஓட்டம் எடுத்தவர் துபே, 357. இந்த ஐவரில் ஒருவர்கூட கடந்த தொடரை முழு அணியோடு ஒன்றாகச் சேர்ந்து ஆடவில்லை. கெய்க்வாட் விழுந்த பிறகே மாத்ரே வந்தான். சாம்சன் எதிரணியில் இருந்தார். ஐவரும் நலமாக இருந்து ஒரே நேரத்தில் இறங்கினால், முதல் ஐந்து இடங்கள் தொடரில் உள்ள எந்த அணிக்கும் குறைந்தவை அல்ல. முதல் 12 ஓவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கவலை ஆறாவது, ஏழாவது இடங்களில். அங்கேதான் ஜடேஜா இருந்தார்.

மூன்றாவது கணக்கு: கடைசியில் நிற்பவர்

மேலே சொன்ன இரண்டு தோல்விகளுக்கும் திரும்பிப் போவோம். ராஜஸ்தானிடம் ஆறு ஓட்டங்களால் தோற்றபோது ஆட்டமிழக்காமல் நின்றவர் ஜடேஜா, 32. பெங்களூருவிடம் இரண்டு ஓட்டங்களால் தோற்றபோதும் ஆட்டமிழக்காமல் நின்றவர் அவரே, 45 பந்துகளில் 77. இதை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். "கடைசிவரை நின்றும் முடிக்கவில்லையே" என்று ஒருவர் சொல்லலாம். "அவர் நின்றதால்தான் அந்த அளவுக்காவது கிட்ட வந்தார்கள்" என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டிலும் உண்மை உண்டு. 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது ஆறும் நான்கும் அடித்துக் கிண்ணத்தை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான்.

கடைசி ஐந்து ஓவர்களில் நிற்பது தனி வேலை. விக்கெட்டுகள் போன பிறகு வருபவர் முதல் பந்தையே அடிக்கவும் வேண்டும், ஆட்டமிழக்காமலும் இருக்க வேண்டும். இந்த வேலைக்குச் சென்னை யாரை வாங்கியது? ஏலத்தில் இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொடுத்தது. ஒருவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த 20 வயது பிரசாந்த் வீர், ஜடேஜாவைப் போலவே இடதுகைச் சுழற்பந்து வீசும் சகலதுறை வீரர். மற்றவர் ராஜஸ்தானைச் சேர்ந்த 19 வயது கார்த்திக் சர்மா, விக்கெட் காக்கும் துடுப்பாட்ட வீரர். இருவருக்கும் அடிப்படை விலை 30 இலட்சம்தான். இந்தியாவுக்காக ஒரு போட்டியும் ஆடாத வீரர் ஒருவருக்கு ஐ.பி.எல். ஏலத்தில் இவ்வளவு விலை அதற்கு முன் கிடைத்ததில்லை.

வயது குறைவு என்பது குற்றம் அல்ல. மாத்ரேயும் சிறுவன்தான். ஆனால் ஆரம்பத் துடுப்பாட்ட வீரருக்குத் தவறு செய்ய இடம் உண்டு, பின்னால் வருபவர்கள் சரிசெய்யலாம். ஏழாவதாக இறங்குபவருக்குப் பின்னால் ஆள் இல்லை. தோனி இன்னும் அணியில் இருக்கிறார். கடந்த வருடம் 196 ஓட்டங்கள் எடுத்தார், ஓட்டவேகம் 135. சில பந்துகளுக்கு மட்டும் அவர் இறங்கலாம். பத்து ஓவர் நிற்கும்படி அவரிடம் கேட்பது நியாயம் இல்லை. இங்கிலாந்தின் ஜேமி ஓவர்டன் இருக்கிறார். 75 இலட்சத்துக்கு சர்ப்ராஸ் கானை வாங்கியிருக்கிறார்கள், 1.5 கோடிக்கு அவுஸ்திரேலியாவின் மெத்தியூ ஷோர்ட்டை. பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வருக்கே இடம் என்பதால், எல்லோரையும் ஒன்றாக இறக்க முடியாது. போட்டியின் நடுவே ஒருவரை மாற்றி இன்னொருவரை இறக்கும் விதி 2023இல் வந்ததால் ஒரு துடுப்பாட்ட வீரரைக் கூடுதலாக வைத்திருக்கலாம். அது ஆறாம் இடத்தின் ஓட்டையைக் கொஞ்சம் மூடும்.

நான்காவது கணக்கு: எத்தனை ஓட்டம் போதும்?

"வெல்வதற்கு ஓட்டங்கள் போதுமா" என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. எத்தனை ஓட்டம் எடுத்தால் போதும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பந்துவீச்சு. 2024 ஏப்ரல் 26இல் கொல்கத்தா 261 ஓட்டங்கள் எடுத்தது. பஞ்சாப் அதைத் துரத்தி வென்றது. அடுத்த வருடம் ஏப்ரல் 15இல் அதே பஞ்சாப் வெறும் 111 எடுத்து, அதே கொல்கத்தாவை 16 ஓட்டங்களால் வென்றது. 261 போதாமலும் போகும், 111 போதுமாகவும் இருக்கும்.

எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு படகுக்காரர் தன் நல்ல வலையைக் கொடுத்துவிட்டுப் பெரிய இஞ்சின் வாங்குகிறார் என்று வையுங்கள். இனி வேகமாகப் போய்ச் சேருவார். போன இடத்தில் மீன் பிடிக்க வலை வேண்டாமா? ஜடேஜா கடந்த வருடம் 10 விக்கெட்டுகளும், பத்திரண 13 விக்கெட்டுகளும் எடுத்தார்கள். இந்த இரண்டு பேரின் ஓவர்களையும் யாராவது வீசவேண்டும். அந்த ஓவர்களில் போட்டிக்கு எட்டு ஓட்டங்கள் கூடுதலாகப் போனால், துடுப்பாட்டத்தில் சேர்த்த எட்டு ஓட்டமும் காலி.

சென்னையிடம் வலையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆப்கானிஸ்தானின் நூர் அஹமட் கடந்த வருடம் 24 விக்கெட்டுகள் எடுத்தார். கலீல் அஹமட், அன்ஷுல் கம்போஜ், நேதன் எல்லிஸ் இருக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் அக்கீல் ஹொசைனை 2 கோடிக்கும், நியூசிலாந்தின் மெட் ஹென்றியை 2 கோடிக்கும், ராகுல் சஹாரை 5.20 கோடிக்கும் வாங்கினார்கள். ஆனால் இவர்களில் யாரும் ஜடேஜாவைப் போல நான்கு ஓவரும் வீசி, 77 ஓட்டமும் எடுத்து, ஒரே இடத்தில் இரண்டு ஆளாக நிற்பவர் அல்ல. சகலதுறை வீரரை இழந்தால் அந்த இடத்துக்கு ஒருவர் போதாது, இரண்டு பேர் தேவை. அணியிலோ பதினொரு இடம்தான். ஜடேஜாவின் உண்மையான விலை அதுதான்.

ஓக்லண்ட் சொல்லும் பாடம்

பேஸ்போலில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டின் முடிவில் ஓக்லண்ட் அணியை விட்டு ஜேசன் ஜியாம்பி, ஜொனி டேமன் என்ற இரண்டு பெரிய துடுப்பாட்டக்காரர்கள் போனார்கள். ஜியாம்பி மட்டும் அந்த வருடம் 38 ஹோம் ரன் அடித்தவர். அதே தரத்தில் இன்னொருவரை வாங்க அணியிடம் காசு இல்லை. நிர்வாகி பில்லி பீன் வேறு விதமாக யோசித்தார். போன ஆளைப் போல ஒருவரைத் தேடாமல், போன பலனைத் துண்டு துண்டாகப் பிரித்து, மலிவான பலரிடமிருந்து அதைச் சேர்த்தார். 2002இல் அந்த அணி தொடர்ச்சியாக 20 போட்டிகளை வென்றது. மொத்தம் 103 வெற்றிகள். முந்தைய வருடத்தைவிட ஒன்று கூட. இந்தக் கதை புத்தகமாகவும், 2011இல் பிரட் பிட் நடித்த படமாகவும் வந்தது.

கதையைச் சொல்பவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. அந்த ஓக்லண்ட் அணியிடம் டிம் ஹட்சன், மார்க் மல்டர், பெரி சீட்டோ என்று மூன்று அருமையான பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். அவர்களில் யாரையும் அணி அப்போது விட்டுக்கொடுக்கவில்லை. சீட்டோ அந்த வருடம் 23 வெற்றிகள் எடுத்து, லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர் விருதும் பெற்றார். துடுப்பாட்டத்தைப் பிரித்து வாங்க முடிந்ததற்குக் காரணம், பந்துவீச்சு அப்படியே நின்றதுதான். சென்னை செய்திருப்பது பாதி ஓக்லண்ட் வேலை. துடுப்பாட்டத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்; அதே நேரத்தில் பந்துவீச்சிலிருந்தும் இரண்டு கல்லை உருவியிருக்கிறார்கள்.

என் முடிவு

ஓட்டங்கள் போதும். கடந்த வருடத்தைவிட வேகமாகவும் அதிகமாகவும் வரும். 103க்குச் சுருண்ட அணி இது அல்ல. எல்லோரும் நலமாக இருந்தால் முதல் நான்கு இடங்களுக்குப் போட்டிபோடக் கூடிய துடுப்பாட்டம் இது என்று நம்புகிறேன். ஆனால் சென்னை தோற்றால், அது அநேகமாக ஓட்டம் போதாமல் தோற்பதாக இருக்காது. எடுத்த ஓட்டத்தைக் காக்க முடியாமலோ, 15ஆவது ஓவரில் ஐந்து விக்கெட் போன பிறகு நின்று முடிக்க ஆள் இல்லாமலோ தோற்பதாகவே இருக்கும்.

முதல் ஐந்து போட்டிகளில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதல் ஆறு ஓவர்களில் சென்னை 55 ஓட்டங்களைத் தாண்டுகிறதா? ஏழாவதாக இறங்குபவர் யார், அவர் எத்தனை பந்து நிற்கிறார்? ஜடேஜா வீசிய நடு ஓவர்களை யார் வீசுகிறார்கள், எத்தனை ஓட்டம் கொடுக்கிறார்கள்? மூன்றில் இரண்டுக்கு நல்ல பதில் கிடைத்தால், இந்தப் பரிமாற்றம் வென்றது என்று சொல்லலாம்.

இதைக் கணக்காக எழுதியதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் கணக்கை வைத்து யாரும் பந்தயம் கட்ட வேண்டாம். ஐ.பி.எல். காலத்தில் கைபேசியில் பந்தயம் கட்டி, கடலுக்குப் போய் உழைத்த காசை ஓர் இரவில் தொலைக்கும் இளைஞர்கள் எங்கள் கரையோரத்தில் இருக்கிறார்கள். அந்தக் கடனைக் கட்டுவது பெரும்பாலும் வீட்டில் உள்ள பெண்கள், காதில் கழுத்தில் கிடப்பதைக் கழற்றி. மேலே நான் எழுதியது ஒரு தொடரின் போக்கைப் புரிந்துகொள்ள உதவும். ஒரு போட்டியின் முடிவைச் சொல்ல அதனால் முடியாது. 111 அடித்தும் வென்ற அணி உண்டு என்பதை மறக்காதீர்கள்.

மக்கெய்சர் மைதானத்தில் பந்து பொறுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விடயம் சொல்வேன். இந்த ஏலத்தில் 20 வயதுப் பையன் ஒருவனுக்கு 14.20 கோடி கிடைத்தது, அவன் துடுப்பும் பிடிப்பான், பந்தும் வீசுவான் என்பதால். யாழ்ப்பாணத்தின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 மே 8இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். களத்தில் இறங்கினார், காயப்பட்ட வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக வந்த வாய்ப்பு அது. அதற்கு முன் அவர் ராஜஸ்தான் அணியின் வலைப்பயிற்சியில் பந்து வீசிக்கொண்டிருந்தவர். வாய்ப்பு பெரும்பாலும் இன்னொருவரின் வெற்றிடத்தில்தான் வரும். மாத்ரேக்கும் பிரெவிஸுக்கும் அப்படித்தான் வந்தது. அந்த நேரத்தில் ஒரு வேலை தெரிந்தவனைவிட இரண்டு வேலை தெரிந்தவனுக்கு அணியில் இடம் இருக்கும். துடுப்பாட்டப் பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதீர்கள். பந்தையும் எடுங்கள்.